அடகுக்குப் போன கிதார்: “லிவின் ஆன் எ பிரேயர்” பாடலும் நமது மன்றாட்டும்

மேலைநாட்டு ராக் இசைப் பாடல் ஒன்றை இறையியல் ஏட்டில் திறனாய்வு செய்வது தகுமோ என்னும் ஐயம் வாசகருள் சிலருக்கு எழலாம். நம்முள் மூத்த ஆயர்கள் பலர் இத்தகைய பாடல்களை “உலகப் பாட்டு” என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகின்றனர். இளைஞர் கூடுகைகளை நடத்தும் மாணவர் சிலரோ, பாடலில் “பிரேயர்” என்னும் சொல் வந்துவிட்டாலே அதனைக் கிறிஸ்தவப் பாடலாகக் கொள்ளத் துணிகின்றனர். ஒதுக்குவோரும் தழுவுவோரும் பாடலைக் கேட்டு முடிக்கும் முன்னரே தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர் என்பது நமது எண்ணம்.

அயலார் ஆக்கங்களை நின்று கேட்டு, ஆராய்ந்து, கொள்ளத்தக்கதைக் கொள்ளும் வழக்கம் பொருநை நாட்டுத் திருச்சபைக்குப் புதிதன்று. திருநெல்வேலியில் 1774இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், அரசவையிலும் கோயிலிலும் ஒலித்த இசை வடிவங்களைக் கிறிஸ்தவக் கீர்த்தனைக்கு உரியவை ஆக்கினார். கரையிருப்பில் 1827இல் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளியும் பெட்ஃபோர்டுச் சிறையில் நெடுநாள் கிடந்தவருமான ஜான் பனியனின் கதையைத் தழுவி, 1894இல் “இரட்சணிய யாத்திரிகம்” என்னும் காப்பியத்தை வெளியிட்டார். தம் முன்னே வந்த பொருளின் தோற்றத்தைக் கண்டு அவர்கள் மிரளவுமில்லை, மயங்கவுமில்லை. அவ்வழியில் நின்றே இப்பாடலை நோக்க விழைகின்றோம்.

பாடலும் அதன் காலமும்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1983இல் உருவான பான் ஜோவி என்னும் குழு, “ஸ்லிப்பரி வென் வெட்” என்னும் இசைத்தொகுப்பை 1986 ஆகஸ்டில் வெளியிட்டது. அதிலிருந்து தனிப்பாடலாக அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த “லிவின் ஆன் எ பிரேயர்”, 1987 பிப்ரவரியில் அமெரிக்கப் பாடல் வரிசையின் முதலிடத்தை அடைந்து நான்கு வாரங்கள் அங்கேயே நின்றது. ஜான் பான் ஜோவி, ரிச்சி சம்போரா, டெஸ்மண்ட் சைல்ட் ஆகிய மூவரும் சேர்ந்து இயற்றியது இது.

இக்குழுவின் இசைவகையைக் கிளாம் மெட்டல் என்பர். சடைத்து உயர்ந்த நீள்முடி, முகப்பூச்சு, பளபளக்கும் உடை, செவி அதிரும் மின்கிதார், அரங்கம் முழுவதும் சேர்ந்து பாடத்தக்க பல்லவி ஆகியவை இவ்வகையின் அடையாளங்கள். களியாட்டமும் காமமுமே இதில் பெரும்பாலும் பாடுபொருள்களாயின. எனவே நம் மூத்தோரின் அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், இவ்வளவு பகட்டான மேடையில் யாரும் எதிர்பாராத ஒரு சொல் பாடலின் தொடக்கத்திலேயே வந்து நிற்கின்றது. வேலைநிறுத்தம் என்பதே அச்சொல்.

கதை எளியது. டாமி என்னும் இளைஞன் துறைமுகத் தொழிலாளி. சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருப்பதால் அவன் கையில் கூலி இல்லை. அவனுடைய துணைவி ஜீனா சிற்றுண்டிச் சாலை ஒன்றில் நாள் முழுதும் பணிசெய்து, கிடைக்கும் ஊதியத்தை வீட்டிற்குக் கொண்டுவருகின்றாள். அவன் தன் கிதாரை அடகு வைத்துவிட்டான். அவள் இரவில் அழுகின்றாள்; எங்கேனும் ஓடிப்போய்விடலாம் என்று எண்ணுகின்றாள். அவன் தேற்றுகின்றான். ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு, மன்றாட்டு ஒன்றையே ஊன்றுகோலாகக் கொண்டு வாழ்வோம் என்பது பல்லவியின் கருத்து.

இக்கதை எழுந்த காலத்தையும் நாம் கருத வேண்டும். 1981இல் அமெரிக்க வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, குறித்த கெடுவுக்குள் பணிக்குத் திரும்பாத 11,000க்கும் மேற்பட்டோரை ரொனால்ட் ரேகன் அரசு பணிநீக்கம் செய்தது. அதன்பின் அந்நாட்டில் வேலைநிறுத்தம் என்பது வெற்றியைக் காட்டிலும் தோல்வியையே நினைவூட்டும் சொல்லாயிற்று. அத்தகைய நாளில், கேளிக்கைப் பாடல் ஒன்று தன் நாயகனை வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளியாகக் காட்டியமை நோக்கத்தக்கது.

யாரிடம் மன்றாட்டு?

பாடலின் மன்றாட்டு யாரை நோக்கியது என்பது இறையியல் மாணவர் முதலில் கேட்க வேண்டிய வினா. இறைவனின் பெயர் இப்பாடலில் விளிக்கப்படவில்லை. மன்றாட்டின் சொற்களும் தரப்படவில்லை. ஆங்கிலத்தில் மன்றாட்டின்மேல் வாழ்தல் என்பது, வேறு பற்றுக்கோடு எதுவும் இல்லாத நிலையைக் குறிக்கும் மரபுத்தொடர் போன்றது. நம் ஊர்களில் வழி அடைத்துப்போனவர் “ஆண்டவர் விட்ட வழி” என்பதை இதற்கு ஒப்பிடலாம். அதனைச் சொல்பவர் எல்லாரும் விசுவாச அறிக்கை செய்வதில்லை. ஆனால் அவர்கள் வெறும் சொல் பேசுவதாகவும் தள்ளிவிட இயலாது. ஆகவே, பாடலைக் கிறிஸ்தவப் பாடலென்று தழுவும் நம் மாணவர், அதில் இல்லாததை அதற்குக் கொடுக்கின்றனர் என்றே கூற வேண்டும்.

அவ்வாறாயின், இது மன்றாட்டே அன்று எனத் தள்ளிவிடலாமா? அவசரப்படலாகாது. யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தின் இறுதிப் பகுதியை நினைவுகூர்வோம். எகிப்தில் அடிமை வேலையால் நொந்த மக்கள் பெருமூச்சுவிட்டு அலறினர். அவர்கள் யாரை நோக்கி அலறினர் என்று அங்கே கூறப்படவில்லை. எந்தப் பெயரால் அழைத்தனர் என்பதும் இல்லை. வேலையின் சுமையிலிருந்து எழுந்த அலறல் இறைவனிடம் ஏறிச்சென்றது என்று மட்டுமே திருமறை கூறுகின்றது. முகவரியில்லாத அந்த அலறலைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டவர் இறைவனே. ஆகவே விளிச்சொல் இல்லாமையை மட்டும் காரணமாகக் காட்டி டாமியின் பெருமூச்சையும் ஜீனாவின் இரவு அழுகையையும் மன்றாட்டின் எல்லைக்கு வெளியே நிறுத்த நமக்கு உரிமையில்லை.

யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் நமக்கு இன்னும் கூரிய அளவுகோலைத் தருகின்றது. அவ்வதிகாரத்தின் முற்பகுதியில், வயல் அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைக்கப்பட்ட கூலி தானே கூக்குரலிடுகின்றது. பிற்பகுதியில், துன்பப்படுகிறவன் மன்றாட வேண்டும் என்றும், மகிழ்ச்சியாயிருப்பவன் பாட வேண்டும் என்றும் அறிவுறுத்தப்படுகின்றது. கூலி, மன்றாட்டு, பாடல் ஆகிய மூன்றும் ஒரே அதிகாரத்தில் அமைந்துள்ளன. நம் அருளுரைகளில் பதின்மூன்றாம் வசனம் முதல் உள்ள பகுதி குணமாக்கும் கூட்டங்களுக்காக அடிக்கடி எடுக்கப்படுகின்றது. நான்காம் வசனம் அத்துணை எடுக்கப்படுவதில்லை. நாம் பிரித்துவிட்ட இரண்டையும் முகப்பூச்சு அணிந்த ஒரு கேளிக்கைக் குழு ஒரே பாடலில் சேர்த்து வைத்திருக்கின்றது. இதுவே இப்பாடலின் மெய்யான சிறப்பு என்று கருதுகின்றோம்.

இசை சொல்வதும் இசை மறைப்பதும்

சொற்களோடு இசையையும் நோக்குதல் வேண்டும். பாடலின் தொடக்கத்தில் கேட்கும் விந்தையான ஒலி டாக் பாக்ஸ் என்னும் கருவியால் எழுவது. கிதாரின் ஒலியை ஒரு குழாய் வழியாக இசைப்பவரின் வாய்க்குள் செலுத்துவர். அவர் வாயை அசைக்க, கிதார் பேச முயல்வது போன்ற ஒலி பிறக்கும். அது சொல்லாகாது, ஆயினும் சொல்லாக விரும்பும் ஒலியாகக் கேட்கும். கதையில் அடகுக்குப் போய் ஊமையான கிதார், இசையில் மனித வாயைக் கடன்வாங்கிப் பேசத் தவிக்கின்றது. இவ்வொற்றுமை திட்டமிடப்பட்டதோ அன்றோ, கேட்பவர் செவிக்கு அது பொருள் தருகின்றது. வாக்குக்கு அடங்காப் பெருமூச்சுகளைப் பற்றி ரோமர் நிருபத்தின் எட்டாம் அதிகாரம் பேசுவதை அறிந்த நமக்கு இவ்வொலி முற்றிலும் அந்நியமன்று.

எனினும் பாடலின் பெருங்குறையும் இசையிலேதான் உள்ளது. சரணங்கள் சோர்ந்த சுருதியில், தாழ்ந்த குரலில் செல்கின்றன. பல்லவியில் குரல் உயர்கின்றது. இறுதியில், கேட்போர் எதிர்பாராத தருணத்தில் சுருதியே மேலே தாவுகின்றது. அரங்கம் எழுந்து நிற்கின்றது; கைகள் உயர்கின்றன. ஆனால் கதையில் எதுவும் மாறவில்லை. வேலைநிறுத்தம் தீரவில்லை, கூலி வரவில்லை, கிதார் அடகுக்கடையிலேயே இருக்கின்றது. நிலைமை மாறாதிருக்கச் சுருதியை மட்டும் உயர்த்தி, மாறிவிட்டது என்னும் உணர்வை இசை தருகின்றது. இத்தகைய எழுச்சியை உயிர்த்தெழுதலாக மயங்கலாகாது.

இக்குறையோடு இணைந்த மற்றொன்றும் உண்டு. முதற் சரணத்தில் தலைகாட்டிய சங்கம் பின்னர் பாடலில் எங்கும் இல்லை. டாமியோடு வேலைநிறுத்தம் செய்த மற்றவர் யாவர்? அவர்தம் வீடுகளில் அடுப்பெரிகின்றதா? பாடல் கேட்பதில்லை. நாம் என்று அது கூறும்போதெல்லாம் இருவரையே கூறுகின்றது. பலருடைய போராட்டம் இருவருடைய காதலாகச் சுருங்கிவிடுகின்றது. நான்கு வாரங்கள் முதலிடத்தில் நிற்பதற்கு இச்சுருக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். முதலாளியும் தொழிலாளியும் ஒரே அரங்கில் கையுயர்த்திப் பாட ஏற்றதாக வேலைநிறுத்தம் மென்மையாக்கப்பட்டுவிட்டது.

பாடலுக்கு நியாயம் செய்யும்பொருட்டு ஒன்றையும் சேர்த்துக் கூற வேண்டும். இப்பாடல் வெற்றி முழக்கத்தோடு முடிவுறுவதில்லை. பல்லவி மீண்டும் மீண்டும் ஒலித்தவாறே ஒலி தேய்ந்து மறைகின்றது. டாமியும் ஜீனாவும் கரை சேர்ந்தனர் என்று அது பொய் சொல்லவில்லை. நம் எழுப்புதல் கூட்டப் பாடல்கள் பலவற்றில் இந்த அடக்கம் இல்லை. அவற்றிலும் சுருதி ஏறுகின்றது, கைகள் உயர்கின்றன. அத்துடன், எல்லாம் கிடைத்தாயிற்று என்னும் அறிவிப்பும் சேர்ந்துகொள்கின்றது. வேலைநிறுத்தத்தைச் சொல்லிவிட்டு மறந்த பாடலைக் குறைகூறும் நாம், அதனைச் சொல்லவே சொல்லாத பாடல்களை ஞாயிறுதோறும் பாடுகின்றோம்.

பொருநைக் கரையில் டாமியும் ஜீனாவும்

இவ்விருவரும் நமக்குத் தொலைவில் உள்ளவரல்லர். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த தூத்துக்குடியில், கோரல் ஆலைத் தொழிலாளர் 1908 பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர். வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றனர். ஒன்பது நாள்களில் நிர்வாகம் இணங்கியது. ஊதிய உயர்வோடு ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் அவர்களுக்குக் கிடைத்தது. ஓய்வுநாளைப் பற்றி நாம் எத்தனையோ அருளுரைகள் ஆற்றியிருக்கின்றோம். கிறிஸ்தவ நாட்டவர் நடத்திய ஆலையில் அந்த ஓய்வு வேலைநிறுத்தத்தால் பெறப்பட்டது என்பதை எத்தனை முறை கூறியிருக்கின்றோம்?

ஜீனாவைக் காண முக்கூடலுக்கோ ஆலங்குளத்திற்கோ மேலப்பாளையத்திற்கோ சென்றால் போதும். மடியில் தட்டை வைத்து, இலையை வெட்டித் தூளை நிரப்பிப் பீடி சுற்றும் பெண்கள் திண்ணைதோறும் இருக்கின்றனர். சுற்றிய எண்ணிக்கைக்கே கூலி. கணவனுக்கு வேலையில்லாத நாள்களில் அந்தக் கூலியிலேதான் உலை கொதிக்கின்றது. நம் சபைகளின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அமர்ந்திருப்போருள்ளும் இவர்கள் உண்டு.

மலைமேல் உள்ளது மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனின் காட்டில் 8,373 ஏக்கர், 1929 முதல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பாம்பே பர்மா வர்த்தக நிறுவனத்திற்கு விடப்பட்டது. அங்கே தேயிலை பறித்தோருள் பெரும்பான்மையினர் தலித் மக்கள். 1999இல் ஊதிய உயர்வுப் போராட்டம் நடைபெற்றபோது தொழிலாளர் பலர் சிறையிலடைக்கப்பட்டனர். அவர்களுடைய விடுதலையையும் ஊதியக் கோரிக்கையையும் முன்வைத்து, ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணி சென்றது. காவல்துறையின் தடியடியில் சிதறிய மக்கள் தாமிரபரணி ஆற்றுக்குள் இறங்கினர். 17 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெண்களும் ஒரு சிறு குழந்தையும் இருந்தனர். பாபநாசத்தில் நீராடப் பலர் தேடிவரும் அதே ஆறு இது. 2024இல் தோட்டத்தை நடத்திய நிறுவனம் விருப்ப ஓய்வை அறிவித்து வெளியேற முற்பட, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தோர் மலையைவிட்டு இறங்க வேண்டியவராயினர்.

ஆற்றங்கரையில் அழுது, தம் கின்னரங்களை மரங்களில் தொங்கவிட்ட சிறைப்பட்டோரை 137ஆம் சங்கீதத்தில் காண்கின்றோம். பாடுங்கள் என்று கேட்டோர் முன் அவர்களால் பாட இயலவில்லை. டாமியின் கிதாரும் அவ்வாறே வாய்மூடியது. ஆனால் சங்கீதக்காரர் அழுகையை இருவருடைய அழுகையாகச் சுருக்கவில்லை. ஊரை நினைத்து, மக்களை நினைத்து, நடந்ததை நடந்தவாறே இறைவனிடம் முறையிட்டார். பான் ஜோவியின் பாடல் எட்டாத இடம் இதுவே. நமது மன்றாட்டு எட்ட வேண்டிய இடமும் இதுவே.

நமது வழிபாட்டிற்கு

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? மின்கிதாரைப் பீடத்தருகே வைக்க வேண்டும் என்பதன்று நமது கருத்து. இசைவகையை மாற்றுவதால் மட்டும் மன்றாட்டு மெய்யாகிவிடாது. தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியாப்பிலஸ் அப்பாவு, பறட்டை என்னும் பெயரில், நாட்டுப்புற இசையை வழிபாட்டிற்குக் கொண்டுவந்தார். இழிவென்று ஒதுக்கப்பட்ட பறையின் தாளத்தையும் உழைக்கும் மக்களின் பேச்சையும் அவர் வழிபாட்டு முறைமைக்குள் அமர்த்தினார். இசையின் மாற்றத்தோடு, எவருடைய துன்பம் வழிபாட்டில் பெயர்பெறும் என்பதும் அங்கே மாறியது. அவருடைய பணியின் இப்பகுதியை விடுத்து மெட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வோமாயின், பகட்டு மேடைக்காரர் செய்த தவற்றையே நாமும் செய்தவராவோம்.

ஆயர்களுக்கு நாம் முன்வைப்பது சிறியதொரு செயலே. ஞாயிறு வழிபாட்டின் பொது மன்றாட்டில் ஆட்சியாளருக்காகவும் நோயாளிகளுக்காகவும் மன்றாடுகின்றோம். அவ்விடத்தில், அவ்வாரம் கூலி கிடைக்காதோரை ஊரும் தொழிலும் சொல்லிக் குறிப்பிடுவோம். பீடி சுற்றுவோரின் கூலி குறைக்கப்பட்டதாயின் அதனை இறைவன் முன் சொல்வோம். ஜூலை 23ஐ அடுத்த ஞாயிற்றில் ஆற்றில் மாண்ட 17 பேரை நினைவுகூர்வோம். மலையிறங்கிய குடும்பம் ஒன்று நம் சேகரத்தில் குடியேறியிருப்பின், மன்றாட்டை எழுதும் முன்னர் அவர்கள் வீட்டுக்குச் சென்று கேட்டறிவோம். இவ்வாறு செய்தால் மன்றாட்டு நீளும் என்பர் சிலர். நீளட்டும். தீராத காரியத்தைத் தீர்ந்ததாகப் பாடும் ஒரு பாடலைக் குறைத்துக்கொண்டால் நேரம் சரியாகிவிடும்.

மாணவர்களுக்கும் ஒன்று. இப்பாடலை நீங்கள் கேட்கலாம். இளைஞரோடு அமர்ந்து ஆராயவும் செய்யலாம். பாடல் முடிந்தபின், டாமியின் சங்கத்தார் என்னவாயினர் என்று அவர்களைக் கேளுங்கள். அவ்வினா தானே அவர்களை யாக்கோபிடமும் யாத்திராகமத்திடமும் அழைத்துச் செல்லும்.

அடகு வைத்த பொருளைத் திரும்பப் பெறுவதை நம் மக்கள் “மீட்பது” என்கின்றனர். இரட்சிப்பைக் குறிக்க நம் இறையியல் வழங்கும் சொல்லும் மீட்பே. நம் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் இதன் பொருள் தெரியும். வட்டி கட்டி, முதலைச் சேர்த்து, தாலிக்கொடியைக் கையில் வாங்கும் நாளன்று மட்டுமே அது மீட்பு. கடைவாசலில் நின்று மீண்டுவிட்டது என்று பாடுவது மீட்பாகாது. கிதார் மீட்கப்பட்டதா என்று பான் ஜோவியின் பாடல் கூறாமலே தேய்ந்து மறைகின்றது. மீட்பரை அறிவிக்கும் நாம் அவ்வாறு மறைந்துவிடலாகாது. அடகில் இருப்பது எது, யாருடையது, அதன் கடன் எவ்வளவு என்று கேட்டறிந்து, அதனை இறைவனிடமும் ஊராரிடமும் உரக்கக் கூறுவதே இப்பள்ளத்தாக்கில் நமது மன்றாட்டின் தொடக்கமாகும்.